மூச்சுக்குக் காவல்

ஜனவரி 11

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் ஏதோ கை காலை அசைத்துக்கொண்டு இருக்கிறோம். உனக்குப் பிடித்திருந்த சளி விட்டதா, இல்லை ஊருக்கெல்லாம் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டு நீ இருமிக்கொண்டு இருக்கிறாயா? போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட சட்டத்துக்கு நானும் கட்டுப்படுகிறேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

விஷயம் என்னவென்றால், உன் அத்தானின் குறட்டை. பக்கத்து வீட்டு வாத்தியார் நேற்று மாடிப்படியில் மறித்து, "ஏம்மா, உங்க வீட்டுல ராத்திரியில தச்சு வேலை ஏதாவது நடக்குதா? சுவரே அதிருது" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. பின்னாலேயே வந்த இவர், "நான்தான் சார், மன்னிச்சுக்குங்க, மூக்கு கொஞ்சம் அடைப்பு" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

குறட்டைகூடப் போகட்டும். மனுஷன் உருக்குலைந்து போயிருக்கிறார். கண் இரண்டும் எந்நேரமும் சிவப்பு. சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் மேலேயே தலை சாய்கிறது. இந்த நிலையில் தினமும் நகரத்துக்குள் பஸ் ஓட்டுகிறார். எனக்கு எப்போது விழிப்பு வந்தாலும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருப்பார். "என் குறட்டையில நானே முழிச்சுக்கிட்டேன், நீ தூங்கு" என்பார்.

எனக்கு ஒன்றுமில்லை. காலையில் தலைவலி, பிரஷர் மாத்திரை, வழக்கமான கதைதான். போன வாரம் ஒரு திரைச்சீலை தைக்கும்போது மெஷின் ஊசி விரலில் ஏறிவிட்டது. கண்ணாடியை மாற்ற வேண்டும்.

அம்மா போய் இந்த மாதத்தோடு இரண்டு வருஷம். படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. அதுதான் இவரை நினைத்தால் பயமாக இருக்கிறது. உன் ஆஸ்பத்திரி வார்டில் இதற்கு ஏதாவது வழி இருந்தால் எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

ஜனவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டது. விரலை டாக்டரிடம் காட்டினாயா? ஊசி போட்டுக்கொண்டாயா? அதை முதலில் எழுது.

அத்தானைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. இது வெறும் குறட்டையாக இருக்காது. சிலருக்குத் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்ளும். மூச்சு நின்றுபோகும். மூளை பதறிப்போய் எழுப்பிவிடும், மூச்சு வரும், மறுபடி நிற்கும். ராத்திரி முழுக்க இதே போராட்டம். தூங்கினவருக்கு இது எதுவுமே தெரியாது. பகலில் அசதி, காலையில் தலைபாரம், ரத்த அழுத்தம், கவனம் தப்புவது எல்லாம் இதனால் வரும். அவர் மூச்சு நிற்பதை நீ பார்த்திருக்கிறாயா?

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்க வைத்துத் தூக்கப் பரிசோதனை செய்வார்கள். அது கட்டாயம். மூக்கில் மாட்டும் காற்று மெஷின் தேவையா என்று அதில்தான் தெரியும். அதற்குள் ஒரு சின்னக் கருவி அனுப்புகிறேன். மூச்சு இழுக்கும் தசைகளுக்குப் பயிற்சி தருவது. நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் வைத்து வேகமாக உள்ளே இழுக்க வேண்டும்; மெதுவாக வெளியே விட வேண்டும். உள்ளே ஒரு ஸ்பிரிங் உன்னோடு மல்லுக்கு நிற்கும். தினமும் முப்பது தடவை. பழகப் பழக அந்த ஸ்பிரிங்கின் திருகை இறுக்கிக்கொண்டே போக வேண்டும். பிரஷர் இறங்கும், தூக்கமும் கொஞ்சம் சீராகும். ஆனால் இது பரிசோதனைக்கோ மெஷினுக்கோ மாற்று கிடையாது. இந்த வரியை அத்தானுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டு.

அவரை ஜாக்கிரதையாக ஓட்டச் சொல். நீயும் நன்றாகச் சாப்பிடு.
வாலு

பிப்ரவரி 19

அன்புள்ள வாலுக்கு,

விரல் ஆறிவிட்டது. ஊசியும் போட்டாயிற்று, போதுமா? உன் பார்சலும் வந்தது.

உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். இவர் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூச்சு நிற்கும் என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "இது ஒரு வியாதிதானா? இதுக்கு வைத்தியமும் இருக்கா?" என்று கேட்டார். பாவம், பயந்துவிட்டார் என்று நானே தேற்றினேன்.

அப்புறம் ஒரு கூத்து. கருவியைக் கையில் கொடுத்தால், "நீயும் செஞ்சாதான் நான் செய்வேன்" என்று அடம். "எனக்கெதுக்குங்க?" என்றால், "தனியா உட்கார்ந்து பீப்பீ ஊத எனக்கு வெக்கமா இருக்கு" என்கிறார். ஒரே கருவியில் இரண்டு பேர் வாய் வைக்கக் கூடாதே என்றேன். மறுநாள் டியூட்டி முடிந்து வரும்போது தன் காசில் இன்னொன்று வாங்கி வந்துவிட்டார். சட்டை வாங்கவே பத்துக் கடை ஏறி இறங்குகிறவர்!

இப்போது தினமும் காலையில் சமையலறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து மூக்கில் கிளிப்போடு இழுக்கிறோம். எனக்கு இரண்டாவது நாள் விலா வலித்தது. என் முறை வந்தால் கண்கொட்டாமல் பார்த்து எண்ணுகிறார். தன் முறை வந்தால் சிரித்து மழுப்பிவிடுகிறார்.

இவர் மூச்சு நிற்பதை நான் பார்த்ததில்லை. தலையைச் சாய்த்தால் எனக்கு உலகமே தெரிவதில்லை. பரிசோதனைக்கு லீவு இல்லையாம்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள வாலுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வார்டில் வேலை அதிகம் போல. உன் உடம்பு நன்றாக இருந்தால் சரி.

கருவி எனக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. காலைத் தலைவலி பாதி குறைந்துவிட்டது. பிரஷர் பார்த்த டாக்டர், "என்னம்மா செய்யறீங்க, இறங்கியிருக்கே" என்றார். என் திருகை இவரே வாராவாரம் இறுக்கி வைக்கிறார். "பரவாயில்ல, இன்னைக்கு நல்லா இழுக்கற" என்று என்னவோ நான் பரீட்சை பாஸ் பண்ணின மாதிரி சந்தோஷப்படுகிறார்.

ஆனால் இவர் தேறவில்லை. முன்பைவிட மோசம். போன வாரம் சிக்னலில் பச்சை விழுந்தும் பஸ் நகரவில்லையாம். பின்னால் ஒரே ஹாரன். கண்டக்டர் ஓடிவந்து தோளைத் தட்டியிருக்கிறார். கண்டக்டரின் மனைவி சொல்லித்தான் எனக்கே தெரியும். கேட்டால், "ஏதோ யோசனையில இருந்தேன்" என்கிறார்.

அந்தக் கருவியில் வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா? சீக்கிரம் எழுது.

அக்கா

ஏப்ரல் 16

வாலு,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. இன்று காலை உன் அத்தான் பஸ்ஸை நடைபாதையில் ஏற்றிவிட்டார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை மறுபடி மறுபடி எழுத வேண்டும் போல இருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விளக்குக் கம்பத்தில் மோதி நின்றிருக்கிறது. கம்பத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் கத்தவில்லையாம், அழவில்லையாம், உடைந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். இவர் இறங்கிப் போய் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாராம்.

வீட்டுக்குக் கண்டக்டர்தான் கூட்டிவந்தார். "அண்ணி, கண்ணு திறந்தபடியே தூங்கிட்டாரு. நான் பார்த்தேன்" என்றார். இவருக்குத் தண்ணீர் டம்ளரை நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டிப்போவே தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புகிறது. நீ சொன்னபோதே இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

அக்கா

மே 5

அன்புள்ள வாலுக்கு,

உன் இரண்டு வரிக் கடிதம் வந்தது. தைரியம் சொன்னதற்கு நன்றி. ஆனால் இப்போது எனக்குத் தலையே சுற்றுகிறது.

பரிசோதனை முடிந்தது. அவருக்கு ஒன்றுமே இல்லையாம்! மூச்சு ஒரு தடவைகூட நிற்கவில்லை. குறட்டைகூட இல்லை. தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்த உடனே கட்டை மாதிரி தூங்கினாராம். காலையில் எழுப்பவே முடியாமல் இரண்டு பேர் வந்து உலுக்கினார்களாம். "இப்படி ஒருத்தர் தூங்கி நாங்க பார்த்ததில்ல" என்று அந்த டெக்னீஷியன் பெண் சிரிக்கிறாள். எனக்கு எங்கே சிரிப்பு வரும்?

நோய் இல்லையென்றால் அலட்சியம் என்றுதான் எழுதுவார்கள். குடித்திருந்தாரா என்றுகூட டிப்போவில் பேச்சு. அடுத்த மாதம் விசாரணை. வேலை போய்விடும் என்று கண்டக்டரே சொல்கிறார். "ஏதாவது காரணம் இருந்தா சொல்லிடுங்களேன்" என்று கெஞ்சினேன். "ஒண்ணும் இல்ல, தப்பு என்னுதுதான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

உன்னிடம் சொல்வதற்கென்ன. ராத்திரி நான் தூங்கினதும் இவர் எழுந்து எங்கேயாவது போகிறாரா? வேறு ஏதாவது தொடர்பா? இருபத்தோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவரைப் பற்றி இப்படி எழுதுகிறேனே என்று என் கையே கூசுகிறது. ஆனால் வேறென்னதான் நினைப்பது?

அக்கா

மே 11

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தைக் கண்டக்டர் வீட்டு விலாசத்துக்கு அனுப்புவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அக்கா பார்க்க வேண்டாம் என்றுதான்.

ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறீர்கள். உங்கள் வீட்டில் தூங்குவதில்லை. அக்காவின் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நேற்று மறுபடி படித்தேன். காலைத் தலைவலி அவளுக்கு. பிரஷர் அவளுக்கு. மெஷின் முன்னால் கண் செருகி விரலில் ஊசி ஏற்றிக்கொண்டவள் அவள். கருவியால் தலைவலி குறைந்ததும் அவளுக்கு.

தினமும் இதே நோயோடு வருகிறவர்களுக்கு நடுவில்தான் நிற்கிறேன். சொந்த அக்கா எழுதியது என் கண்ணில் படவில்லை, அத்தான்.

அந்தக் குறட்டை யாருடையது? உண்மையைச் சொல்லுங்கள்.

வாலு

மே 19

அன்புள்ள மச்சினிக்கு,

அத்தான் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ நினைத்தது சரிதான். மூச்சு நிற்பது உன் அக்காவுக்குத்தான்.

உங்கள் அம்மா தூக்கத்திலேயே போன பிறகு அவள் படுக்கவே பயந்தாள். உனக்கு இது தெரியாது. "நானும் அப்படியே போயிடுவேனா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். "நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன், தூங்கு" என்று சொல்லித் தூங்க வைப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். அதற்கப்புறம் ஒரு ராத்திரி குறட்டை நடுவில் அறுந்தது. மறுபடி வரவில்லை. நெஞ்சு எழும்புகிறது, காற்று வரவில்லை. பிடித்து உலுக்கினேன். தண்ணீரில் முங்கி எழுந்தவள் மாதிரி ஒரு இழுப்பு இழுத்தாள். கண்ணைத் திறந்து, "ஏன் உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள். வாயில் வந்ததைச் சொன்னேன், என் குறட்டை என்று. அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது.

அம்மாவுக்கு வந்ததுதான் இவளுக்கும், இதற்கு வைத்தியம் கிடையாது என்று நினைத்தேன். டாக்டரிடம் போனால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் திரும்பவும் படுக்க மாட்டாள். ஒருக்களித்துத் திருப்பிவிட்டால் மூச்சு வருகிறது. அதனால் நின்றால் திருப்பிவிடுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

நீ எழுதினதை அவள் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் வீணாக்கிவிட்டேனே என்று ஒரு பக்கம். பயிற்சி செய்தே சரியாகிவிடும், அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்று ஒரு பக்கம். கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது. ஆனால் இன்னும் நிற்கிறது. நேற்றும் நின்றது.

அந்தப் பெண்ணும் குழந்தையும் கண் முன்னாலேயே நிற்கிறார்கள். தூக்கம் இல்லாமல் வண்டி எடுத்தது என் குற்றம். வேலை போனால் போகட்டும். உன் அக்காவிடம் சொல்லாதே.

அத்தான்

மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் அத்தான் இருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு படி.

நீ சந்தேகப்பட்ட மாதிரி அவர் எங்கேயும் போவதில்லை. உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அந்தக் குறட்டை உன்னுடையது, அக்கா. தூக்கத்தில் மூச்சு நிற்பதும் உனக்குத்தான். அது நிற்கும்போதெல்லாம் உன்னைத் திருப்பிப் படுக்க வைப்பதற்காக அவர் இரண்டு வருஷமாக விழித்துக்கொண்டு இருக்கிறார். சொன்னால் நீ பயந்துவிடுவாய் என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். சொல்லாதே என்று எனக்கும் எழுதியிருக்கிறார். நான் கேட்கப்போவதில்லை. நாளைக்கு அவர் சொல்லட்டும் என்று விட்டால் அவர் வேலையும் போகும், உன் உயிருக்கும் ஆபத்து.

பயப்படாதே. இது அம்மாவுக்கு வந்ததுதானா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் உனக்கு வந்திருப்பதற்கு வைத்தியம் இருக்கிறது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நாளைக்கே பரிசோதனைக்குப் போ. பயிற்சியை விடாதே. மெஷின் கொடுத்தால் வெட்கப்படாமல் மாட்டிக்கொள்.

நான் முன்னாலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும். உன் பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

வாலு

ஜூன் 30

அன்புள்ள வாலுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் உன்னைத் தவிக்கவிட்டதற்குத் திட்டிக்கொள். நீ அனுப்பிய மூன்று கடிதங்களும் மேஜை மேல்தான் இருந்தன. பேனாவை எடுத்தால் முதல் வார்த்தை வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராக இவரிடம் போய், "குறட்டை விடறது நானா?" என்று கேட்டேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "ரொம்ப இல்ல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் முதுகில் ஓங்கி அடித்தேன். அப்புறம் அந்த முதுகிலேயே சாய்ந்து அழுதேன். நான் தூங்கித் தூங்கி ஒரு மனுஷனைத் தின்றிருக்கிறேன், வாலு. வாத்தியாரிடம் அவர் கும்பிட்டபோது நான் தலைகுனிந்து நின்றேனே! ராத்திரி எங்கே போகிறார் என்று கேட்டேனே!

பரிசோதனை ஆயிற்று. கடுமையான வகையாம். மெஷின் கொடுத்திருக்கிறார்கள். மாட்டினால் யானைக்குட்டி மாதிரி இருக்கிறேன். பயிற்சியும் நடக்கிறது. இப்போது திருகை நானே இறுக்கிக்கொள்கிறேன்.

விசாரணைக்கு இவர் வரவேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் போனேன். என் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்து, "சார், இவர் தூங்காததுக்குக் காரணம் நான். எனக்கு மூச்சு நிக்கும், இவர் எழுப்பி விடுவார்" என்றேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "தினமுமா?" என்றார். "தினமும்" என்றேன். பிறகு இவரைப் பார்த்து, "யோவ், ஒரு வார்த்தை சொல்லி லீவு கேட்டிருக்கக் கூடாதா? பஸ் நிறைய ஆள் இருந்தாங்களேய்யா" என்றார். இவர், "தப்புதான் சார்" என்றார். அது தப்புதான், வாலு. அந்தக் குழந்தையை நானும் மறக்கவில்லை. முடிவு இன்னும் சொல்லவில்லை. அதுவரை டிப்போவுக்குள் டயர் பிரிவில் போட்டிருக்கிறார்கள்.

ஒன்றுதான் சரியாகவில்லை. என் மூச்சு இப்போது நிற்பதில்லை. ஆனால் இவருக்குத் தூக்கம் வரவில்லை. மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "படுங்களேன்" என்றால், "பழக்கமாயிடுச்சு" என்கிறார்.

அக்கா

ஆகஸ்ட் 18

அன்புள்ள வாலுக்கு,

உடம்பு சௌக்கியமா? எனக்குத் தலைவலி என்பதே மறந்துவிட்டது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டபின் இவர் பாயில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பேப்பர் நழுவிக் கீழே விழுந்தது. பார்த்தால் சுருண்டு படுத்துத் தூங்குகிறார். விழித்துவிடுவாரோ என்று மடித்த துணியை வைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் கண்டக்டர் கதவைத் தட்டினார். விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டு ஓடினேன்.

"அண்ணி, நல்ல சேதி! மூணு மாசம் டாக்டர் பார்வையில இருக்கணுமாம், அப்புறம் பஸ் குடுத்துடுவாங்களாம். அண்ணனை எழுப்புங்க!"

"மாட்டேன்."

"அண்ணி, வேலை திரும்பக் கிடைச்சிருக்கு!"

"மெதுவாப் பேசுங்க. அது எங்கேயும் ஓடிடாது. இவர் தூங்கறார்."

அந்த மனுஷன் எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். சமையலறையில் இரண்டு பேரும் டீயைச் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் போய் விளக்குப் போடும் வேளையாயிற்று. விளக்கையும் நான் போடவில்லை. கண்டக்டர் கிளம்பியபின் இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

வாலு, இவர் தூங்கும்போது உதடு லேசாகப் பிரிந்து, புருவம் மேலே ஏறி, யாரோ ஏதோ சொல்லக் கேட்டு ஆச்சரியப்படுகிற மாதிரி இருக்கிறது. கல்யாணம் ஆகி இருபத்தோரு வருஷம், எப்போதும் இவருக்கு முன்னால் தூங்கி, பின்னால் எழுந்தவள் நான். இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

உன் அக்கா